விழாவுக்காகப் பூட்டிய கதவு

ஆடி 28, வெள்ளி இரவு.

உடையார்பாளையம் பக்கம் ஒரு தெருவில் எங்கள் டிரஸ்ட் பெண்களுக்குக் கழிப்பறை கட்டி முடித்து ஒரு மாதம் ஆகிறது. ஆடியில் திறக்க வேண்டாம், ஆவணி பிறந்ததும் விழா வைக்கலாம் என்று பூட்டியவன் நான்தான். போன வாரம் அந்தத் தெரு செல்வி வந்து கேட்டாள். "சாவியக் குடுங்க சார். விழா அன்னைக்குக் கழுவி வுட்டுடறோம்." புதிதாக இருந்தால்தான் போட்டோ நன்றாக வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இன்று விடியும் முன் முந்திரித் தோப்புக்கு ஒதுங்கப் போனவளைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது.

மதியம் மாலை வாங்கிக்கொண்டு போனேன். அவள் புருஷன் என்னைத் திட்டியிருக்கலாம். "நேத்துகூடக் கதவத் தள்ளிப் பாத்துட்டு வந்தா சார்" என்றான். அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் டிரஸ்ட் தலைவர் போன் செய்தார். "தெருவுல சாவு வுழுந்திருக்கு. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அப்பறம் விழாவ வெச்சுக்கலாம்."

"ஆமாங்க, அதுதான் முறை" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நாளை விடியும் முன்னும் அந்தத் தெருப் பெண்கள் தோப்புக்குத்தான் போவார்கள். சாவி இந்த மேசைமேல் கிடக்கிறது.