ஓட்டல் வீடியோவில் உங்களைப் பார்த்தேன்

கவரைப்பேட்டை,
ஞாயிறு மத்தியானம்.

ஜெபா அப்பாவுக்கு கிறிஸ்டினா எழுதுறது, ஸ்தோத்திரம். நானும் பாப்பாவும் சுகம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுத மனசு வரல. நீங்க ஊட்டை விட்டுப் போய் நாப்பத்தோரு நாளாவுது. போனையும் வெச்சுட்டுப் போனா நான் எங்கேன்னு தேடுவேன்?

போன செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்ல திலகவதி அக்கா ஒரு பிரியாணி வீடியோ காட்டினாங்க. நாயுடுபேட்டை ஓட்டல்காரங்க இன்ஸ்டாகிராம்ல போட்டது. அண்டாவைத் திறக்குறாங்க, ஆவி பறக்குது, பின்னால இடது கையில தண்ணி ஜக்கைத் தூக்கினு நீங்க போறீங்க. வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள்ள. யோசிக்காம வீடியோவுக்குக் கீழயே, பின்னாடி போறவரு என் ஊட்டுக்காரரு, பிரஸ் மிஷின்ல ரெண்டு விரல் போனவரு, சொல்லாம கொள்ளாம போயிட்டாருன்னு எழுதிட்டேன். ஊரே படிக்கிற எடம்னு அப்புறம்தான் உறைச்சுது.

கடைக்காரங்க நம்மள மாதிரி ஆளுக்கு எங்க பதில் போடப் போறாங்கன்னு இருந்தேன். அஞ்சு நிமிஷத்துல நான் எழுதினதை யாரும் பார்க்காம மறைச்சுட்டு, தனியா மெசேஜ் வந்துச்சு. முதலாளி பொண்ணு ஜோதிலட்சுமியாம், அதுதான் எல்லாத்தையும் பார்த்துக்குது. தெலுங்கு கலந்த தமிழ்ல பேசி அனுப்புச்சு. வேளைக்குச் சாப்பிடுறீங்களாம், மாடியில படுத்துக்குறீங்களாம், புண்ணு ஆறிடுச்சாம். எனக்கு யாருமில்லைன்னு சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தீங்களாம். அதைச் சொல்ல அந்தப் பொண்ணு ரொம்பத் தயங்குச்சு. யாருமில்லையா உங்களுக்கு? நல்லா இருக்குது நீங்க சொன்னது.

சர்ச்சுல அறுப்பின் பண்டிகை விருந்துல எல்லார் எதிரிலும் சோத்தைப் பிசைஞ்சு ஊட்ட வந்தேனே, அது என் தப்புதான். கை வலிக்குமேன்னு செஞ்சேன், உங்க மானம் போவும்னு தோணல. நீங்க தட்டை வெச்சுட்டு எழுந்து போனப்பவாவது பின்னாலயே வந்திருக்கணும்.

கடுதாசி எழுதி போட்டோ அனுப்புங்கக்கா, பிரிண்ட் எடுத்து அவரு கையில குடுக்குறேன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. குடுத்தா இங்கேருந்தும் போயிடுவாரோன்னு பயமா இருக்குதுன்னும் சொல்லுச்சு. எனக்கும் அதே பேஜாரு. எழுதுறதா வேணாமான்னு அஞ்சு நாளா இருந்தேன். பாப்பா கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல.

வாங்கன்னு கூப்பிடல. அங்க வந்து நின்னு உங்களைக் கூச வைக்கவும் மாட்டேன். இதைப் படிச்சுட்டு அந்த எடத்தை மட்டும் விட்டுடாதீங்க. நீங்க இருக்கிற எடம் தெரிஞ்ச அன்னிக்குத்தான் நான் தூங்கினேன். கர்த்தர் உங்களை அங்கேயே வெச்சுக் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
உங்க கிறிஸ்டினா