கிணற்றடிக் கல்லில் ஏழு குறி

ஜனவரி 6, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். கிணற்றடிக் கல்லில் இருப்பது எழுநூறு வருஷத்துக் கல்வெட்டு என்று கிராம சபையில் அடித்துவிட்டவன் நான்தான். எனக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியாது. மைக் கையில் கிடைத்தது, அவ்வளவுதான். தலைவர் முத்துமாரி அதையே கிரானைட் பலகையில் வெட்டச் சொல்லிவிட்டாள். பொங்கலன்று திறப்பு.

ஜனவரி 8

தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்த கவுஸ் பாஷாவிடம் கல்லைப் பெருமையாகக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“இன்னா தோஸ்த், இதுவா எழுத்து? தோலுக்குப் போடுற குறி இது. எல்லார் தோலும் ஒரே தொட்டில ஊறும். யாருதுன்னு தெரிய ஓரத்துல வெட்டி வைப்பாங்க.”

மூன்று கோடு, மீன், வட்டம்... ஏழு குறிகள். ஊருக்கு முதலில் வந்தவை ஏழு குடும்பங்கள் என்று சொல்வார்கள். எழுதத் தெரியாதவர்கள், கிணறு வெட்டியதும் தெரிந்த கையெழுத்தைப் போட்டிருக்கிறார்கள்!

கடைசிக் குறி பிறை. பாஷா அதில் விரலை வைத்தார். “இது எங்க நானாவுது, அம்மாவோட அப்பா. அவரும் சேந்துதான் கிணறு வெட்டுனாருன்னு அம்மா சொல்லும். ஊர்ல ஒருத்தரும் நம்பல.”

ஜனவரி 9

சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் பாஷாவின் நானா கணக்கில் இல்லாமல் போவார். பிரியாணி சாப்பிட்டும் முடிவு வரவில்லை.

ஜனவரி 11

முத்துமாரியிடம் உளறிக் கொட்டினேன்.

“அப்போ ஊருக்கு எவ்ளோ வயசு?”

“தொண்ணூறு இருக்கும்.”

“எங்க மாமியார் வயசு அது, அண்ணா. அதுக்கு கிரானைட் வேறயா?”

போனில் கல் வெட்டுபவரை நிறுத்தச் சொன்னாள். பிறகு, “குறி எந்தெந்த வீட்டுதுன்னு தெரியுமா?” என்றாள்.

மத்தியானம் வீடு வீடாகப் போனோம். வேலாயுதம் வீட்டு அண்டாவில் மூன்று கோடு. சுந்தரி வீட்டு அம்மியில் மீன். பிறையோடு சேர்த்து ஏழில் ஐந்துக்கு வீடு கிடைத்தது. மற்ற இரண்டும் யாரோ, எங்கே போனார்களோ.

ஜனவரி 12

கல் வெட்டும் ஜோசுவா என்னைத் திட்டினார். நியாயம்தான். பலகையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வெட்டுகிறார்.

ஜனவரி 15

திறப்பு முடிந்தது. பலகையில் வருஷமே இல்லை. ஏழு குறிகளும், தெரிந்த ஐந்து பெயர்களும்தான். பாஷா பேரப்பிள்ளைகளைப் பிறைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். வேலாயுதம் அவர் தோளில் கை போட்டு, “இன்னா பாய், நீயும் பழைய ஆளு ஆய்ட்ட, இனிமே கோயில் வரி உண்டு” என்றார். பாஷா சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே.

நானும் பேசினேன். ‘நம் முன்னோர்’ என்று பதினொரு தடவை சொன்னேனாம், என் மனைவி எழிலரசி எண்ணியிருக்கிறாள்.

அவளுடைய முன்னோர், சரி. நான் கலவை ஊரிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவன். வந்து பதினெட்டு வருஷம்தான் ஆகிறது.