அக்லிக்காக நான் எழுந்து நிற்காத நாள்

இகில் அஸெம்மூர்
2008 அக்டோபர் 24

என் கண்ணான மகள் ஊனிஸாவுக்கு, அப்பா பெலாயித் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க இறைவன் அருள வேண்டும். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் இந்த முறை கை வரவில்லை. மூன்று வாரமாக நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அம்மா செய்தால் எடுக்கிறாய், இடையில் என் குரல் கேட்டதும் டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். முப்பது வருஷம் ஊரார் கடிதங்களைப் பையில் சுமந்து இந்த மலையில் ஏறி இறங்கியவன் நான், எவ்வளவு கோபம் இருந்தாலும் கடிதத்தைப் பிரிக்காமல் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது என்று எனக்குத் தெரியும். அந்த தைரியத்தில் எழுதுகிறேன், முழுசாகப் படி, அப்புறம் திட்டு.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய மாத்திரையை முழுங்குகிறாள், வலி குறைந்தது என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். குழாயில் மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர். ஆலிவ் இந்த வருஷம் காய்ப்புக் குறைவு, இருக்கிறதைப் பறித்ததும் உன் தம்பி யிதிரின் கல்யாணம். பெண் யார் என்று உனக்குத் தெரியும், ஊர்த்தலைவர் அம்ரானின் பேத்தி தவுஸ், நல்ல பெண். யிதிர் வேலைக்குப் போகும் பஸ்ஸைக் கீழே சோதனைச் சாவடியில் தினமும் ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கிறார்கள். உள்நாட்டுச் சண்டை ஓய்ந்துவிட்டது என்று பத்து வருஷமாகச் சொல்கிறார்கள், ஓய்ந்த பிறகும் அங்கே மணல் மூட்டை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. இதெல்லாம் அம்மாவே சொல்லியிருப்பாள். நான் சொல்ல வந்தது வேறு, அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன் பெரியப்பா அக்லி சாகக் கிடந்தபோது அங்கே பிரான்ஸில், ரூபே ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நீ எனக்குப் போன் செய்தாய். அவனை நீ ஒரு வருஷமாகப் பார்த்து வருகிறாய் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தன்னை நம்ம ஊர்ல தன் தாய்க்குப் பக்கத்தில் புதைக்கணும் என்று கேட்கிறார் அப்பா, வேற எதுவும் கேக்கல என்றாய். ஊர்சபையில் பேசுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். அவன் இறந்த மூன்றாம் நாள் சபை கூடியது. பிறகு உன்னிடம் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னேன். அது பொய் மகளே. ஊர் மறுக்கவே இல்லை. மூலையிலிருந்து சயீத் மட்டும், பிரெஞ்சுக்காரனுக்குத் துப்பாக்கி தூக்குனவன் எலும்பு அங்கேயே கிடக்கட்டுமே, அவ்வளவு பாசமா இருந்தவங்க தோண்ட மாட்டாங்களா என்று நக்கலடித்தான், இரண்டு பேர் சிரித்தார்கள். அம்ரான் அவனை அதட்டினார். செத்தவன்கிட்ட நமக்கு என்னப்பா சண்டை, நாப்பத்தாறு வருஷம் போதாதா என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நம்ம வழக்கம் உனக்குத் தெரியும் பெலாயித், ஊர் விலக்கினவனை உள்ள எடுக்கணும்னா அவன் ரத்தத்துல ஒருத்தன் எழுந்து நின்னு, இவனுக்கு நான் பொறுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லணும், நீ எந்திரி, மீதியை நான் பாத்துக்கறேன் என்றார். முழுச் சபையும் என்னைப் பார்த்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்ரான் பிரார்த்தனையைச் சொல்லிச் சபையைக் கலைத்துவிட்டார். அங்கே மழையில் நீயும் மாப்பிள்ளையும் முன்பின் தெரியாத இரண்டு பேருமாக அவனைப் புதைத்தீர்கள் என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள்.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்பாய். எழுந்து நின்றால், அவன் ஏன் துப்பாக்கி எடுத்தான் என்று சபை கேட்கும், பொறுப்பேற்பவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் மிச்சம். விடுதலைப் போர் நடந்த ஐம்பத்தொன்பதாம் வருஷம், பனிக்காலம். உன் தாத்தாவை பிரெஞ்சு ராணுவம் பிடித்துப்போய் மேட்டு முகாமில் வைத்து இருபது நாள் ஆகியிருந்தது. அங்கே போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. ஒரு நாள் அக்லி என்னையும் கூட்டிக்கொண்டு அவருக்கு ரொட்டி கொண்டுபோனான், அவனுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினொன்று. அதிகாரி ரொட்டியை வாங்கவில்லை. மேஜைமேல் ஒரு துப்பாக்கியை வைத்தான். மொழிபெயர்க்கிறவன் சொன்னான், எங்க பக்கம் சேந்து இதை நீ எடுத்துக்கிட்டா உன் அப்பன் நாளைக்கு வீட்டுக்கு வருவான், எடுக்கலேன்னா நாளன்னைக்கு வந்து பொணத்தை எடுத்துக்க. அக்லி என்னைப் பார்த்தான், அப்புறம் எடுத்துக்கொண்டான். மறுநாள் தாத்தா வந்தார், இரண்டு நகமில்லாத கையோடு. ஊர் அவரைத் தோளில் தூக்கியது, எவ்வளவு அடிச்சும் வாயே திறக்காம மனுஷன் வெளிய வந்துட்டார் என்று. வாய் திறக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் வெளியே வந்தது அதனால் அல்ல. தாத்தாவுக்கு அது தெரியும். என்னைத் தனியே கூப்பிட்டு, நீ ஒண்ணும் பாக்கல, எனக்கு இருக்கறது ஒரே பையன் என்றார். சாகும்வரை அக்லி பேரைச் சொல்லவில்லை. அறுபத்திரண்டில் பிரெஞ்சுக்காரர்களோடு அக்லியும் கப்பல் ஏறப் புறப்பட்ட இரவு என் பாட்டன் வைத்த அத்திமரத்தடியில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், உன் பாட்டி மட்டும் அவனிடம் ஓடினாள், தாத்தா கதவைச் சாத்தினார். உன் தாத்தா பெயர் இன்று விடுதலைக்குப் பாடுபட்டவர்களுக்கு வைத்த சதுக்கத்துச் சலவைக்கல்லில் நாலாவதாக இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அந்தக் கல்லைத்தான் முதலில் உடைக்க வேண்டும், அப்புறம் யிதிரின் கல்யாணமும் நின்றுபோகும். இப்படி எனக்கு நானே காரணம் அடுக்கிக்கொண்டேன். உண்மையில் பயம், வேறொன்றுமில்லை. பிரெஞ்சுக்காரன் போய் நாற்பத்தாறு வருஷமாயிற்று, அவன் மேஜைமுன் நிற்கிற அந்தப் பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

சபைக்கு அடுத்த வாரம் உழவுக்கு முன்னால் நாலு மாடு அறுத்து ஊர்ப் பங்கு போட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தலைக்கு ஒரு பங்கு உண்டல்லவா, லீலில் இருக்கிற உன் பேரைக் கூப்பிட்டு உன் பங்கையும் என் கையில் கொடுத்தார்கள். அக்லி தலையை அறுபத்திரண்டிலிருந்து யாரும் எண்ணியதில்லை. இறைச்சியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா சமைத்தாள், நான் தட்டைத் தள்ளிவைத்தேன். என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாயில்லை. உன்னைப் பெற்றவனைவிட நீ நல்லவளாக இருக்கிறாய், அதற்கு யாரைப் புகழ்வது என்று தெரியவில்லை, அம்மாவைத்தான் புகழ வேண்டும்.

உன்னையும் மாப்பிள்ளையையும் இறைவன் குழந்தை குட்டிகளோடு நிறைவாக வைக்கட்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. அக்லி மண்மேல் புல் மண்டவிடாதே, போகும்போது என் பேரைச் சொல்லாமல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்று. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை. என்னை மண்ணில் வைத்த மறுநாள் சபை கூடும், அன்று இதைக் கொண்டுபோ. பெண் என்று உன்னை உள்ளே விடமாட்டார்கள், பரவாயில்லை, வாசலில் நின்று சத்தமாகப் படி. ஆண்பிள்ளை நான் உள்ளே உட்கார்ந்து சொல்லாததை நீ வெளியே நின்று சொல். அவர்கள் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து வைக்கிறேன்.

உன் அப்பா,
மெஸியானின் இளைய மகன், அக்லியின் தம்பி,
பெலாயித்