உங்கள் பெயருக்கு நேரே பதினொன்று

அக்கா,

இன்று காலை கணினியைத் திறந்தபோது வீட்டில் இருந்தவர்கள்: நாற்காலியில் நான், நிலைப்படியில் சாய்ந்து காபி டம்ளருடன் உங்கள் வீட்டுக்காரர், உள்ளறையில் நீங்கள் படுத்திருந்த கட்டிலில் நம் மாமியார். என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போய்விட்டார். வேறு யாரும் இல்லை.

திரையில் வெளிச்சம் வந்ததும் மேல்விளிம்புப் பட்டையில் இரண்டு பெயர்கள் வந்தன. முதலில் உங்கள் பெயர், நேரே பதினொன்று. அடுத்து என் பெயர், நேரே மூன்று.

"பதினொண்ணுதானே?" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான். மாறல."

நீங்கள் போனதிலிருந்து தினமும் இதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் கடை திறக்கப் போகிறார். கம்பெனிக்காரர்கள் உங்கள் பெயரில் நின்ற வேலைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். என் எண் ஏறுகிறது, இறங்குகிறது. உங்கள் எண் அசையவில்லை. அசையாமல் இருப்பதே அவருக்கு ஏதோ ஆறுதல்.

அந்தப் பட்டை எப்படி வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நோய் உங்களை உட்கார விடாமல் கட்டிலில் போட்ட சமயம். வீட்டிலிருந்தே சாப்ட்வேர் எழுதி வந்த நீங்கள் படுத்தபடி சொல்வீர்கள், நான் தட்டுவேன். கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் "ஏட்டி, எம்புட்டு பாக்கி?" என்பீர்கள். அதற்கு நான் வேலைக் கணக்கு வைக்கும் தளத்தைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, அது சுற்றி முடியும்வரை நிற்க வேண்டும். விளக்கேற்றுவதற்குள் அன்றன்றைய செலவைக் கூட்டி முடிக்கிற எனக்கு, கேட்டதும் கணக்குச் சொல்ல முடியாதது பெரிய குறையாக இருந்தது. தேடிப் பார்த்து, பாக்கி வேலைகளை மேல்பட்டையிலேயே காட்டுகிற ஒரு சின்ன நிரலைக் கண்டுபிடித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு வழிமுறையைப் படித்து, யார் பெயரில் உள்ள வேலையைக் காட்ட வேண்டும் என்று, செலவு நோட்டில் எழுதுகிற பழக்கத்திலேயே, அதன் அமைப்புக் கோப்பில் எழுதினேன். பட்டை வெறுமையாகவே இருந்தது.

"மொத வரிய வாசி," என்றீர்கள்.

"ஸ்ரீராமஜயம்."

விலா வலிக்கச் சிரித்தீர்கள். "ஏட்டி, மெஷினுக்கே நாமம் போட்டுட்டியே!"

"எழுதுனத அழிக்க மாட்டேங்க்கா."

"யாரு அழிக்கச் சொன்னா? அதுக்கு முன்னால ரெண்டு சாய்கோடு போடு. மெஷின் அந்த வரியத் தாண்டிப் போயிரும். பெருமாள் மட்டும் படிச்சுக்கிடுவாரு."

போட்டேன். உங்கள் பெயரும் எண்ணும் வந்து நின்றன. ராஜபாளையத்தில் சாமி பெயரோடு ஓடுகிற நிரல் நம் வீட்டில் மட்டும்தான் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு கட்டிலிலிருந்தே எண் தெரிந்தது. உங்கள் கண் அதை விட்டு நகரவில்லை. ஒரு வேலை முடிந்தால் இரண்டு வந்து உட்கார்ந்தது. ஒரு மத்தியானம் மெதுவாகச் சொன்னீர்கள்: "கேட்டப்பல்லாம் சொன்னப்ப நல்லாருந்துச்சுட்டி. இப்ப கண்ண மூடுனாலும் அதுதான் நிக்கி." எடுத்துவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றீர்கள்.

இப்போது அது எனக்கு. எனக்கென்று கம்பெனி கொடுத்த சின்னச் சின்னச் சோதனை வேலைகளுக்காக இரண்டாவது வரியை நானே சேர்த்தேன். ரசம் கொதிப்பதற்குள் வந்து பார்க்கிறேன். அத்தையைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஆண்டாள் முன்னால் கண்ணை மூடி நின்றேன். நாச்சியார் முகம் வரவில்லை அக்கா, எண்தான் வந்தது. தீர்த்தம் வாங்கிய கையோடு பஸ் ஏறி வந்துவிட்டேன். வெளியே போனால் அது இழுக்கிறது. உள்ளே இருந்தால் வீடு இழுக்கிறது.

நேற்று கம்பெனியிலிருந்து கடிதம். உங்கள் பெயரில் எந்த வேலையும் இனி இருக்கக் கூடாதாம். முழுநேரமாகச் சேர்ந்து நான் எடுத்துக்கொள்கிறேனா, வேறு ஆளுக்கு மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மாவ யாரு பாக்கது? பொழுது போகட்டும்னுதானே விட்டோம்?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

இன்று காலை அத்தானிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

"வேற ஆளுக்குக் குடுத்தா?"

"இன்னைக்கே சைபர் ஆயிரும்."

"நீ எடுத்தா?"

"நானும் எம்பேருக்கு மாத்தித்தான் செய்யணும் அத்தான். ஆனா ஒண்ணொண்ணா மாத்தலாம்."

காபி ஆறிப்போய்விட்டது. தெருப்பக்கம் பார்த்தபடி நின்றார். "அப்ப நீயே எடு. மெதுவாச் செய்யி, என்னா?" என்றார். கம்பெனி சீக்கிரம் கேட்கிறது, அவர் மெதுவாகக் கேட்கிறார். இரண்டு பேரிடமும் தலையாட்டியிருக்கிறேன்.

சரி என்று எழுதி அனுப்பியும் விட்டேன். என் வீட்டுக்காரருக்குச் சாயங்காலம்தான் தெரியும். என்ன பேச்சு வருமோ, வரட்டும்.

அத்தை, கோவிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டுச் செய் என்கிறார். மாட்டேன் என்றேன். செய்யலாமா வேண்டாமா என்பதற்குத்தான் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பதில் சொல்லும். பதினொன்றில் எது என்று சொல்லாது. அது உங்களுக்குத்தான் தெரியும். இன்னமும் ஒரு வரி தட்டியதும் கட்டில் பக்கம் திரும்பி "சரியாக்கா?" என்கிறேன். "என்னட்டி வேணும்?" என்று அத்தை குரல் வருகிறது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டுகிறேன்.

நாளைக்குக் காலையில் அத்தான் வந்து நிற்கும்போது பத்து என்று சொல்லியாக வேண்டும். எந்த வேலையை முதலில் எடுக்கட்டும் அக்கா? கனவிலாவது வந்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.