சென்ட் அடித்த தகரம்

சனிக்கிழமை, உடப்பு

இன்னும் குமட்டுகிறது.

வீட்டில் தட்டும் பொருள் ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருந்தார், எங்களுக்குத் தாளப் பயிற்சி தர வந்த வெளிநாட்டுத் தாளக்காரர். கருவாடு காயும்போது அம்மா காகம் கலைக்கத் தட்டும் பிஸ்கட் தகரத்தைக் கொண்டுபோனேன். அவர் அதை விரலாலும் தான் கொண்டுவந்த சங்கிலியாலும் தட்டிப் பார்த்து, மாலைக் கச்சேரிக்கும் வேண்டும் என்றார். ஏற்பாட்டாளர் சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கருவாடு எண்டு வாயத் திறந்திராத, தங்கச்சி. கொழும்பால ஆக்கள் வாறாங்க."

தகரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தன் சென்ட்டையும் அடித்தார்.

மேடையில் சேர் சொன்னது: உடப்புப் பெண்கள் அம்மனை அழைக்கும் புனித வாத்தியம். முன்வரிசையில் ஒருவர் கைகூப்பினார். என் பக்கத்தில் இருந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்கட காகமெல்லாம் இனிக் கும்பிட்டுப்போட்டுத்தான் பறக்கும், பிள்ள."

கச்சேரி முடிந்ததும், தகரம் கொழும்புக்குப் போகட்டும் என்றார் சேர். அம்மா நேரே மேடைக்குப் போய்த் தாளக்காரரிடம் கை நீட்டினார்.

"தாங்க தம்பி, நாளைக்கும் காகம் வரும்."

அம்மா என்ன சொல்கிறார் என்று தாளக்காரர் என்னைக் கேட்டார். சேர் முறைத்தார். நான் எல்லோர் முன்பும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்: கருவாடு, காகம், என் அம்மா. தாளக்காரர் வாய்விட்டுச் சிரித்து, தகரத்தை இரு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்துதான் அம்மா அதை முகர்ந்து பார்த்தார். சேர் செய்த வேலை என்றேன். சிரிப்பு நின்றது.

"எங்கட மணம் அந்தாளுக்கு அவ்வளவு அருவருப்போ?"

கிணற்றடியில் மணல் போட்டுத் தேய்த்தேன். இன்னும் சென்ட் மணக்கிறது. சீ.