ஐஸ்லாந்துக்கு ஒரு கம்பளிச் சட்டை

ஆடி மாதம், வெள்ளி இரவு.

லண்டன் மகன் என்னை ஐஸ்லாந்துக்குக் கூட்டிப்போகத் திட்டம் போடுகிறான். எரிமலை, பறவைகள், சுடுதண்ணீர் ஊற்று எல்லாம் காட்டுவானாம். இங்கே கன்னியாக் கிணறுகளில் இல்லாத சுடுதண்ணீரா? அதுவும் மண்டூர்க் கோயில் திருவிழா நடக்கும் நாட்களில். ஒரு வருடமும் நான் தவறவிட்டதில்லை. வரமாட்டேன் என்று இன்று சொல்ல இருந்தேன்.

ஆனால் போன கிழமை கோயிலில், என் தங்கச்சிக்குக் கேட்கட்டும் என்றே, போகப்போகிறேன் என்று உரக்கச் சொல்லியிருந்தேன். அம்மாவின் தங்கக் காப்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவள் அவள். அதிலிருந்து பதினொரு வருடமாகப் பேச்சில்லை.

இன்று பின்னேரம் அவளே வந்தாள், கம்பளிச் சட்டையோடு.

"அங்க குளிருமாம் அக்கா. போட்டுப் பாரு."

"ஆருகா உன்னட்டக் கேட்ட?"

"நீ செத்தாலும் கேக்கமாட்டாய். கைய நீட்டு."

அந்த நேரம் பார்த்து மகன் லண்டனிலிருந்து போன் எடுத்தான். "டிக்கெட் போடட்டா அம்மா?"

என் கை பாதி சட்டைக்குள் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓம், போடு என்றேன்.