முந்நூறு பெட்டித் தாள்

அன்புள்ள அக்கா,

இன்று அப்பாவின் ஆட்கள் படகில் ஏற்றிய சரக்கு உன் புது அலுவலகத்துக்குப் போகிறது என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீ எல்லை தாண்டிப் போன இந்த நான்கு வருடமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர். தெரிந்தால் ஏற்ற மாட்டார் என்று பயந்தேன்.

முந்நூறு பெட்டித் தாள், கோப்புகள், நாற்காலிகள். எல்லாம் ஏறியும் படகு நாலு விரல்தான் அமிழ்ந்தது. இவ்வளவு கனத்தையும் ஒரு முனகல் இல்லாமல் ஆறு இன்னொரு நாட்டுக்குச் சுமக்கப்போகிறதே என்று வியந்தேன்.

சரிபார்க்க அப்பா சரக்குச் சீட்டைக் கேட்டார். பெறுநர் இடத்தில் உன் பெயர். அதைப் படித்துவிட்டு அப்பா ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"தாள் பெட்டி எல்லாத்தையும் எடுங்கப்பா. படகுச் சுவர் வேர்க்கும், தாள் ஈரத்தை இழுத்துடும். பலகை போட்டு நடுவுல அடுக்கலாம்."

"மறுபடியும் முந்நூறா? என்ன மேஸ்திரி, இது தாளா, பச்சப்புள்ளையா?" என்றார் சுமை தூக்கும் ஒருவர்.

"புள்ளதான்" என்று சொல்லி, முதல் பெட்டியை அப்பாவே தோளில் ஏற்றினார். இந்த வயதில் அவர் சுமை தூக்கி நான் பார்த்ததில்லை. கடைசிப் பெட்டி வரைக்கும் நிற்கவில்லை.

மூன்று மணிக்குப் படகு கிளம்பியது. சரக்கோடு அப்பாவும் போயிருக்கிறார்.

உன் தங்கை